திராட்சை சாப்பிட்டிருந்தாலும்

என் பெயரில் ஒரு விதிமீறல் பதிவு இருக்கிறது. மதுரையில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில், இரும்பு அலமாரியில், நீலக் கோப்பு ஒன்றில் பத்திரமாக இருக்கிறது. ஒப்புதல் பெற்ற கேள்வியை என் இஷ்டத்துக்கு மாற்றிக் கேட்டது ஒன்று. முடிந்துபோன மாதங்களின் படிவத்தைத் திருத்தியது இன்னொன்று. இரண்டையும் நானே என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன், யாரும் மிரட்டி வாங்கவில்லை. மறுபடி அதே நிலைமை வந்தால் அதே இரண்டையும் செய்வேன் என்று அன்றைக்கே சொன்னேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

நான் தேனி அல்லிநகரத்துக்காரி. நர்ஸ் படிப்பு படித்து, இதய வார்டில் பல வருடம் ஊசி போட்டு, டிரிப் மாற்றி, முழங்கால் தேய்ந்தபிறகு ஆய்வுப் பிரிவுக்கு வந்தேன். உட்கார்ந்து செய்கிற வேலை என்று ஆசை காட்டினார்கள். உட்கார்ந்துதான் செய்கிறேன், பாதி நேரம் கம்பம் பேருந்தில்.

எங்கள் ஆய்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறுகிற வாசலில் இருக்கிற வால்வு, வயதானால் சிலருக்குச் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். முன்பெல்லாம் நெஞ்சைத் திறந்துதான் மாற்ற வேண்டும். இப்போது தொடையில் ஒரு துளை போட்டு, ரத்தக் குழாய் வழியாகவே புது வால்வைக் கொண்டுபோய்ப் பொருத்திவிடுகிறார்கள். மூன்றாம் நாள் ஆள் நடக்கிறார். சிக்கல் அதற்குப் பிறகு. புது வால்வில் ரத்தம் உறைந்து கட்டிவிடாமல் இருக்க மாத்திரை கொடுக்க வேண்டும். அந்த மாத்திரை கொஞ்சம் கூடிப்போனால் உடம்பில் வேறெங்காவது ரத்தம் கசியும். உறைந்தாலும் ஆபத்து, ஒழுகினாலும் ஆபத்து. ஒரு மாத்திரை போதுமா, இரண்டு வேண்டுமா, எதில் கசிவு குறைவு என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. யாருக்கு ஒன்று, யாருக்கு இரண்டு என்பதைக் கணினி குலுக்கிப் போட்டுச் சொல்லும்.

தேனியிலிருந்து கம்பம் வரைக்கும் இருக்கிற நோயாளிகள் என் பொறுப்பு. மொத்தம் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். மாதம் ஒருமுறை ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, அச்சடித்த தாளில் இருக்கிற கேள்வியை எழுத்து மாறாமல் வாசிக்க வேண்டும். விளக்கம் சொல்லக் கூடாது. வேறு வார்த்தை போடக் கூடாது. எல்லா ஊரிலும் ஒரே கேள்வியைக் கேட்டால்தான் பதில்களை ஒப்பிட முடியும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கேள்வி இதுதான்: ‘கடந்த முப்பது நாட்களில் தங்களுக்கு ரத்தப்போக்கு ஏதேனும் ஏற்பட்டதா?’

ஆங்கிலத்தில் எழுதி, யாரோ தமிழாக்கி, அதை இன்னொருவர் மறுபடி ஆங்கிலமாக்கி, இரண்டு ஆங்கிலமும் பொருந்துகிறதா என்று சரிபார்த்து, முத்திரை குத்தி அனுப்பிய வாக்கியம். எல்லாம் பொருந்தியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் ரத்தப்போக்கு என்றால் பெண்களுக்கு வருவது என்பது மட்டும் அந்த முத்திரைக்குத் தெரியாமல் போய்விட்டது.

முதல் மாதமே எனக்குத் தெரிந்தது. கம்பத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர், எழுபதைத் தாண்டியவர், மீசைக்காரர். அவரிடம் கேள்வியை வாசித்தேன். “யாருகிட்ட என்ன கேக்குறீக?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். அடுத்து சின்னமனூரில் ஒரு அம்மா. அவர் சங்கடப்பட்டுக்கொண்டு, அது நின்று இருபது வருடமாகிறதே, இப்போது எதற்கு அதைக் கேட்கிறாய் தாயி என்றார். இரண்டு படிவத்திலும் ‘இல்லை’ என்று எழுதினேன். மதியச் சாப்பாட்டின்போது அலுவலகத்தில் இந்தக் கதையை மீசை முறுக்குவது வரைக்கும் நடித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது நான்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. வார்த்தை தப்பு என்று தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் நான். அதை வைத்து வேடிக்கைதான் காட்டினேன்.

திராட்சைத் தோட்டத்துக்காரர் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தார்.

கம்பத்திலிருந்து சுருளி போகும் சாலையில் அவருக்குத் தோட்டம். பன்னீர் திராட்சை, கறுப்பு ரகம். வால்வு இறுகியிருந்த காலத்தில் பந்தலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்க நடுவில் இரண்டு தடவை உட்காருவாராம். புது வால்வு வைத்த பிறகு வார்டு வராந்தாவில் வேண்டுமென்றே நாலு சுற்று நடந்து என்னைப் பார்க்க வைத்தார். கணினி அவருக்கு இரண்டு மாத்திரை என்று குலுக்கிப் போட்டது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் மனைவியைப் படிக்கச் சொல்லி, புரியாத இடத்தில் நிறுத்தி, என்னைப் பாடாய்ப் படுத்தினார். அப்படிக் கேள்வி கேட்கிற ஆளை எனக்குப் பிடிக்கும். பிடித்திருந்ததால்தான் இந்தக் கதை இன்னும் உறுத்துகிறது.

முதல் மாதம் போனில் கேள்வியை வாசித்தேன். ஒரு தடவை செருமினார். பிறகு மரியாதையாக, “அதெல்லாம் நமக்கு இல்லீக நர்சம்மா” என்றார். இல்லை. இரண்டாம் மாதமும் இல்லை. மூன்றாம் மாதம் அவர் மதுரைக்கு நேரில் வந்து ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். தோட்டத்தில் ஒரு பாதிக்குக் கவாத்து வெட்டுகிற சமயம், ஆள் கிடைத்திருக்கிறது, விட்டால் போய்விடும், அடுத்த மாதம் வருகிறேன் என்றார். கொடியைத் தறிக்கிற நேரம் தப்பினால் ஒரு அறுவடையே போய்விடும் என்பது எனக்கும் தெரியும். ‘தொலைபேசியில் தொடர்பு கொள்ளப்பட்டது’ என்று எழுதிக்கொள்ள விதி இடம் கொடுத்தது. எழுதிக்கொண்டு, கேள்வியையும் வாசித்தேன். இல்லை.

நாலாவது மாதம் கூப்பிட்டபோது அவர் ஒரு வாக்கியத்தை இரண்டாக உடைத்துப் பேசினார். நடுவில் மூச்சு வாங்கியது. தோட்டத்தில் நடந்துகொண்டே பேசுகிறீர்களா என்று கேட்டேன். உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். மறுநாள் காலையில் ரத்தம் எடுக்கிற பெட்டியைத் தூக்கிக்கொண்டு கம்பம் பேருந்தில் ஏறினேன்.

பழம் அடுக்குகிற பிளாஸ்டிக் கிரேடு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, பந்தலுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், எழுந்திருக்காததையே விளையாட்டாக்கிச் சிரித்தார். புது வால்வு உடம்போடு பழகுகிற வரைக்கும் இப்படித்தான் இருக்கும் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்துப்போயிருந்தது. நகத்திலும் ரத்தமில்லை. அந்த நேரத்திலும் நான் என்ன செய்தேன் என்றால், பையிலிருந்து தாளை எடுத்துக் கேள்வியை வாசித்தேன். பழக்கம். அவர், இல்லை என்றார்.

அவர் மனைவி எனக்கு மோர் கொண்டுவந்தார். நான் என்ன கேட்கிறேன் என்பது அவர் காதில் விழவேயில்லை. அவருக்கு வேறு புகார் இருந்தது.

“இவுகளுக்கு நீயாவது சொல்லு தாயி. ரத்தம் ஊறட்டும்னு நெதம் காலையில ஒரு திராட்சக் கொலையத் திங்கிறாக. ஒரு மாசத்துக்கு மேல வெளிக்கு தார் மாதிரி போகுது. திராட்சையக் கொறைங்கன்னா கேக்க மாட்டேங்கிறாக.”

நான் மோரைக் கீழே வைத்தேன். எப்படிக் கறுப்பு என்று கேட்டேன். ரோட்டுக்கு ஊற்றுகிற தார் மாதிரிதான், பிசுபிசுவென்று, நாற்றம் வேறு மாதிரி என்றார். அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், பன்னீர் திராட்சை அதிகமாகச் சாப்பிட்டால் கறுப்பாகப் போகும். பிறந்ததிலிருந்து பார்த்தது. அதனால் அதை யாரும் பார்ப்பதில்லை. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து, குடலில் இறங்கி, கறுத்து வெளியே போயிருக்கிறது. இவர் இழந்த ரத்தத்தை ஊற வைக்கத் திராட்சை சாப்பிட்டிருக்கிறார். திராட்சை சாப்பிட்டதால் ரத்தம் போவது தெரியாமல் இருந்திருக்கிறது. நானோ மதுரையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து இல்லை, இல்லை என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஒன்று ரோட்டில் டயர் மாற்றிக்கொண்டு நின்றது. டிரைவரிடம் கேட்டேன் என்று சொல்ல முடியாது, அதட்டினேன். கம்பத்தில் முதலுதவி, அங்கிருந்து ஆம்புலன்ஸில் தேனி. வழி முழுக்க அவர், மறுபாதியில் நேற்றுக் கவாத்து வெட்டின கொடிக்கு இன்று மருந்து தடவ வேண்டும் என்று மனைவிக்கு உத்தரவு போட்டுக்கொண்டே வந்தார். தேனியில் ரத்தம் பார்த்த டாக்டர், இந்த அளவை வைத்துக்கொண்டு இவர் உட்கார்ந்திருந்ததே பெரிது என்றார். உடனே ரத்தம் ஏற்றினார்கள். குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பையில் புண். மதுரையிலிருந்து, ஆய்வுக்குப் பொறுப்பான எங்கள் பெரிய டாக்டர் போனில் பேசி, இரண்டு மாத்திரையில் ஒன்றை நிறுத்தச் சொன்னார்.

மகன் சாயங்காலம் வந்தார். தேனியில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், சட்டையை உள்ளே விட்டு, அடையாள அட்டை கழுத்தில் தொங்க வந்தார். அப்பாவைச் சோதனை எலியாக்கிவிட்டீர்கள் என்றார். மாதாமாதம் போன் செய்தீர்களே, என்னத்தைக் கேட்டீர்கள் என்றார். அவர் குரல் ஏறியபோது வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. ஒப்புதல் பெற்ற கேள்வியைத்தான் கேட்டேன், உங்கள் அப்பா இல்லை என்றார், படிவத்தில் இருக்கிறது. சொல்லியிருந்தால் அது அத்தனையும் உண்மை. சொல்லவில்லை, ஏனென்றால் அவர் கேட்டது சரியான கேள்வி. ஆய்விலிருந்து அப்பாவை விலக்கிக்கொள்கிறோம், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அது உங்கள் உரிமை, ஆனால் அவர்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

மூன்றாம் நாள் அவர் தெளிந்து உட்கார்ந்தார். முகத்தில் நிறம் வந்திருந்தது. மகன் விஷயத்தைச் சொன்னார். தோட்டத்துக்காரர் என் பக்கம் திரும்பினார். இத்தனை மாதம் என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறீர்கள், காட்டுங்கள் என்றார். நகல் என் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். மனைவியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவர் வாசித்தார்: இல்லை. இல்லை. இல்லை.

“நான் பொய் சொல்லலையே நர்சம்மா,” என்றார். “நீங்க கேட்டதுக்குப் பதில் சொன்னேன். நீங்க கேட்டது வேற.”

ஆமாம் என்றேன்.

“இந்தத் தாள எவனாவது படிச்சா என்ன நெனப்பான்? ரெண்டு மாத்திரை தின்னும் இந்தாளுக்கு ஒண்ணும் ஆகலன்னுதான? அப்புறம் எல்லாத்துக்கும் ரெண்டா குடுப்பாக.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “இத மாத்துங்க. மாத்துனா நான் இருக்கேன். மாத்தலைன்னா எம்பேர எடுத்துருங்க, எம்மவன் சொல்றதுதான் சரி.”

பயிற்சி வகுப்பில் ஒரு நாள் முழுக்கப் பாடம் நடத்திப் புரியவைக்கப் பார்த்ததை, கையில் ஊசி குத்தியிருந்த ஒரு விவசாயி நாலு வரியில் சொல்லிவிட்டார். மாற்றுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் அது என் கையில் இல்லை என்பது ஞாபகத்துக்கு வந்தது.

அங்கேயே, ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, என் பட்டியலில் இருந்த மற்றவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். தாளைப் பைக்குள் வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் எப்படிக் கேட்பேனோ அப்படிக் கேட்டேன். வெளிக்கு கறுப்பாப் போகுதா, பல் விளக்கினா எச்சில் சிவக்குதா, அடிபடாமலே தோலில் நீலம் பாரிக்குதா, மூக்கில் சூடு உடையுதா. கடைசிக் கேள்விக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கிற ஒருவர், ஆமாம், பல வாரமாகக் காலையில் முகம் கழுவினால் மூக்கிலிருந்து வருகிறது என்றார். அப்புறம் ஏன் ஐயா சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அது ரத்தமில்லம்மா, சூடு,” என்றார்.

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. எங்கள் வீட்டிலும் மூக்கில் ரத்தம் வந்தால் அதற்குச் சூடு என்றுதான் பெயர், வெந்தயம் ஊற வைத்துக் கொடுப்போம். மீசைக்காரரிடம் இந்தத் தடவை மரியாதையாகவே கேட்டேன். முழங்கைக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்திருப்பதாகவும், வாழைத்தார் இடித்ததாக நினைத்திருந்ததாகவும், யோசித்துப் பார்த்தால் இப்போதெல்லாம் தான் தாரே தூக்குவதில்லை என்றும் சொன்னார். சின்னமனூர் அம்மாவுக்கு நிஜமாகவே ஒன்றும் இல்லை. இருவரைப் பரிசோதனைக்கு வரச் சொல்லி, எல்லாவற்றையும் எழுதி, மேலே ‘ஒப்புதல் பெறாத சொற்களில் கேட்டது’ என்று தலைப்பும் போட்டேன். திருட்டுத்தனமாகச் செய்ய எனக்குத் தெரியாது.

ஆய்வைச் சரிபார்க்க இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சென்னையிலிருந்து ஒரு அம்மையார் வருவார். என் வயதுதான். படிவங்களைத் தேதி வாரியாக மேசையில் பரப்பி, ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் படிப்பார். அவரிடம் தப்புக் கண்டுபிடிக்க முடியாது, தப்பு அவர்தான் கண்டுபிடிப்பார். அவர் சொன்னது இது. கண்டுபிடித்த தேதியிலிருந்து ரத்தக் கசிவைப் பதிவு செய்யலாம், தடையில்லை. முந்தைய மாதங்களின் படிவத்தைத் தொட வேண்டாம். நோயாளி இல்லை என்றார், நீங்கள் இல்லை என்று எழுதினீர்கள், அது சரியான பதிவு. கறுப்பாகப் போனது திராட்சையாலா, ரத்தத்தாலா என்று இப்போது யார் சொல்ல முடியும்? மற்றவர்களிடம் வேறு சொற்களில் கேட்டது அதைவிடப் பெரிய சிக்கல். தேனியில் மட்டும் துருவித் துருவிக் கேட்டால் தேனியில் மட்டும் ரத்தம் அதிகமாகத் தெரியும், மற்ற ஊர்களோடு எப்படி ஒப்பிடுவது?

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதனால்தான் எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது. முட்டாள்தனமான விதியாக இருந்தால் கிழித்துப் போட்டுவிட்டு வந்திருப்பேன்.

நான் சொன்னேன்: எல்லா ஊரிலும் ஒரே கேள்வி கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கேட்கவில்லை. அந்த வார்த்தை புரிகிற ஊரில் ஒரு கேள்வி, எங்கள் ஊரில் வேறு கேள்வி. எழுத்து ஒன்றுதான், கேட்கிற காது வேறு. தேனியில் ரத்தம் குறைவாகத் தெரிந்தபோது ஒப்பிட முடியாது என்று ஏன் யாரும் சொல்லவில்லை? குறைவாகத் தெரிந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். கூடினால்தான் விதி ஞாபகத்துக்கு வருகிறது.

இதைச் சொன்னபோது என் குரல் உயர்ந்திருந்தது என்று பிறகு அறிந்தேன். பக்கத்து அறையில் தட்டச்சு நின்றுவிட்டதாம். நின்றால் நிற்கட்டும். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். இரண்டு பேரையும் பகைத்துக்கொள்ள விரும்பாத மனிதர். கடைசியில், திருத்தினால் உங்கள் பெயரில் விதிமீறல் ஏறும், அது பின்னாளில் வேலைக்குப் போகிற இடத்திலும் கேள்வியாக வரலாம், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். நான் யோசிப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு மனிதர் பொய் சொன்னவராகத் தாளில் நிற்கிறார், அவரை அப்படி நிறுத்தியது என் பேனா.

எங்கள் வேலையில் எதையும் அழிக்கக் கூடாது. வெள்ளை மை பூசக் கூடாது. தப்பாக எழுதியதன் மேல் ஒற்றைக் கோடு போட வேண்டும், அடியில் இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் சரியானதையும் காரணத்தையும் எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். இந்த வழக்கம் எனக்கு முதலிலிருந்தே பிடிக்கும். செய்த தப்பை மறைக்க விடாத வழக்கம்.

மூன்றாம் மாதத்து ‘இல்லை’ மேல் கோடு போட்டேன். மனைவி சொன்ன கணக்குப்படி கறுப்பாகப் போக ஆரம்பித்தது அந்த மாதத்தில்தான். அதற்கு முந்திய இரண்டையும் தொடவில்லை. அப்போது என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது, தெரியாததை எழுத எனக்கும் உரிமையில்லை. ஆனால் அவற்றின் பக்கத்தில், ‘கேள்வி நோயாளிக்கு வேறு பொருளில் புரிந்திருந்தது, இந்தப் பதிலை நம்ப முடியாது’ என்று எழுதினேன். கோடு போட்ட இடத்தில் காரணம் என்ற கட்டத்தில் எழுதியது ஒரே வரி: ‘கேட்டவர் தவறு.’

சென்னை அம்மையார் அதைப் படித்தார். இப்படி ஒரு காரணத்தை இதுவரை எந்தப் படிவத்திலும் பார்த்ததில்லை என்றார். பிறகு தன் குறிப்பேட்டில் விதிமீறல் இரண்டையும் எழுதினார், கடமை. அதற்குக் கீழே, கேள்வியின் தமிழை மறுபரிசீலனை செய்யப் பரிந்துரை என்றும் எழுதினார். அதை அவர் எழுத வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பெரிய டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

திருத்தத்துக்கு நெறிமுறைக் குழு சம்மதிக்க வேண்டும். டாக்டர்கள், ஒரு வக்கீல், மருத்துவம் தெரியாத பொதுஜனம் ஒருவர் எல்லாம் உட்காருகிற குழு. ரத்தப்போக்குக்குப் பதில் ‘குருதிக் கசிவு’ என்று வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கம்பத்தில் யாரிடமாவது போய்க் குருதிக் கசிவு உண்டா என்று நீங்களே கேட்டுவிட்டு வாருங்கள், டிக்கெட் நான் போடுகிறேன் என்றேன். சிலர் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. இன்னொருவர் ‘மலம் கருநிறத்தில் வெளியேறியதா’ என்றார். அது பரவாயில்லை. ஆனால் எங்கள் ஊரில் அதற்கும் பதில் ரெடியாக இருக்கிறது, ‘அது திராட்சைக்கு’ என்பார்கள். நான் எழுதிக்கொண்டுபோன வாக்கியங்களை வாசித்தேன். மூக்கில் சூடு உடைவது, எச்சில் சிவப்பது, நீலம் பாரிப்பது எல்லாம் அதில் இருந்தன. வெளிக்கு என்ற சொல் அச்சில் வருவது அழகாக இல்லை என்று வக்கீல் தயங்கினார். வயிற்றில் ரத்தம் ஒழுகுவதும் அழகாக இல்லை ஐயா என்றேன்.

பொதுஜனமாக வந்திருந்தவர் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர். அவர் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார். எல்லாம் சரி, வாக்கியத்தில் திராட்சை எதற்கு? நான் தோட்டத்துக்காரர் கதையைச் சொன்னேன், பெயர் சொல்லாமல். அவர் தலையை ஆட்டிவிட்டு, அப்படியே இருக்கட்டும் என்றார். தமிழ் பேசுகிற எல்லா ஊர்ப் படிவத்திலும் அது அப்படியே அச்சாகி வந்தது: ‘வெளிக்கு கறுப்பாகப் போகிறதா? திராட்சை சாப்பிட்டிருந்தாலும் சொல்லுங்கள்.’ திராட்சையே விளையாத ஊரில் இதை வாசிக்கிற நர்ஸ் என்னைத் திட்டியிருப்பாள். திட்டட்டும்.

ஆய்வின் முடிவு இன்னும் வரவில்லை. ஒரு மாத்திரையா, இரண்டா என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று இப்போதே சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. முடிவு எப்படி வந்தாலும், அதில் கம்பத்துத் தோட்டத்துக்காரர் ஒருவரின் ரத்தம் அது ஒழுகிய மாதத்திலேயே பதிவாகியிருக்கும். அது போதும் எனக்கு.

அவர் விலகவில்லை. ஒரு மாத்திரையோடு தொடர்கிறார், ஒவ்வொரு வருகைக்கும் தவறாமல் மதுரை வருகிறார், கவாத்து நாளையே எங்கள் தேதிக்குத் தகுந்தபடி தள்ளி வைக்கிறார். புதுப் படிவம் வந்த மாதம் முதல் ஆளாக அவரைத்தான் கூப்பிட்டேன். எழுத்து மாறாமல் வாசித்தேன். மறுமுனையில் அவர் சத்தமாகச் சிரித்துவிட்டு, மனைவியைக் கூப்பிட்டு, இங்கன வா, நம்ம தோட்டம் தாளில் ஏறியிருக்கிறது, கேள் என்றார். அவருக்காக மறுபடி வாசித்தேன்.

“திராட்சை திங்கிறேன் நர்சம்மா, அத விட மாட்டேன்,” என்றார். “ஆனா கறுப்பாப் போகல. நெதம் பாக்குறேன். இவளும் கேக்குறா. இல்லைன்னு எழுதிக்கங்க.”

அந்த வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ரத்தத்தின் அளவு குறையவில்லை, ஏறியிருந்தது. பிறகு கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். இந்த இல்லை மேல் யாராவது கோடு போட்டுப் பார்க்கட்டும்.